பாக்கெட்டின் பின்பக்கம்

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

ஊசி எழுதுகிறேன். நான் இங்கே சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? மாடிப்படி ஏறும்போது அண்ணனுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறதா? நெஞ்சுக்குள் வைத்த உலோக வால்வு கடிகாரம் மாதிரி சத்தம் போட்டுத் தூங்கவிடமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது பழகிவிட்டதா?

இந்தக் கடிதம் கையில் சில்லென்று இருந்தால் பயப்படாதீர்கள். எங்கள் தொழிற்சாலையின் குளிர்சாதன லாரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் ஊர் வழியாகப் போகிறது. ஓட்டுகிறவர் நல்ல மனிதர். பஸ் நிலைய முனையில் காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். யாராவது போய் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள். விடுதியில் ஒரே ஒரு போன். நான் பேசும்போது முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் பெருமூச்சு விடுகிறார்கள். வாயில் எதுவும் வரமாட்டேன் என்கிறது.

என்னைப் பட்டாணிப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது அஸ்பாரகஸ். பெயரைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. விரல் தடிமனில் பச்சைத் தண்டு, நுனியில் மொட்டு. வயலிலிருந்து காலையில் வரும். கழுவி, ஒரே நீளத்துக்கு நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம், பிறகு ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு. அப்புறம் ஒரு நீளமான குளிர்க்கூடு. அந்தப் பக்கம் வந்து விழும்போது கண்ணாடி வளையல் கொட்டுவது போலச் சத்தம் கேட்கும். அங்கேதான் நான் நிற்கிறேன். தடித்தது, மெலிந்தது, உடைந்தது என்று பிரிக்க வேண்டும். கம்பளிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை. அப்படியும் மதியத்துக்குள் விரல்கள் என்னுடையவை இல்லை.

உடைந்த துண்டுகளை எங்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள். நான்கு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். கொழுப்பே இல்லை, உப்பு சேர்க்கவில்லை, நார்ச்சத்து, ஃபோலேட், விட்டமின் எல்லாம் இருக்கிறது. பறித்த அன்றே உறைய வைப்பதால் சத்து அப்படியே நிற்குமாம். குளிர் விடும்வரை காத்திருக்காமல் நேராக வாணலியில் போடுங்கள், இல்லையென்றால் துவண்டுவிடும்.

அண்ணன் ஆபரேஷனுக்கு நான் வரவில்லை. சீசனில் லீவு கேட்டால் திரும்பி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை நினைத்து நினைத்து அலுத்துவிட்டது. இதையாவது சாப்பிடச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி.

உங்கள் நாத்தனார்,
ஊசி


மார்ச் 24

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதமும் பாக்கெட்டும் வந்து சேர்ந்தன. இங்கே நாங்கள் நலம். உனக்கு விரல் வெடிப்பு இருந்தால் படுக்கும்போது எண்ணெய் தடவிக்கொள். சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

உன் அண்ணனுக்குப் படி ஏறுவது பரவாயில்லை. வால்வு சத்தம் அவருக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் பழகவில்லை. சத்தம் கேட்டால் தூக்கம் வராது. கேட்காவிட்டால் எழுந்து உட்கார்ந்து அவர் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன்.

பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது. இன்றைக்கு மட்டும் நாற்பது சட்டைக்குப் பித்தான் துளை, காஜா எடுத்தேன். கண் பூத்துப்போய்விட்டது. அதற்கு நடுவில் உன் தண்டை வதக்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை உன் அண்ணன் கழிவறையிலிருந்து முகம் வெளிறிப்போய் வந்தார். "சிறுநீர்ல ஒரு மாதிரி வாடை வருது. கிட்னியும் போச்சு போல" என்றார். நானும் பயந்துவிட்டேன். பிறகுதான் கீழ்வீட்டுச் சமையல்காரர் சொன்னார், இதைத் தின்றால் அப்படித்தான் வாடை வருமாம், ஒன்றும் செய்யாதாம். நீ ஒரு வார்த்தை முன்னாலேயே எழுதியிருக்கலாம்.

வாரம் ஒருநாள் செய்தால் போதும் என்று நினைக்கிறேன். அவரோ தினமும் கேட்கிறார். கீழே அவர் எழுதுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

ஊசி, நான் நன்றாக இருக்கிறேன். அடுத்த வாரம் வேலைக்குப் போகிறேன். லிஃப்டின் பெரிய மோட்டார் பக்கம் போகாதே, கதவு ரிப்பேர் மட்டும் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் அண்ணி என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருக்கிறாள். உன் தண்டு மட்டும்தான் வாய்க்கு ருசியாக இருக்கிறது. நிறைய அனுப்பு. வாடையைப் பொறுத்துக்கொள்கிறேன். - அண்ணன்


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

நலம். நலமறிய ஆவல். வாடையைப் பற்றி எழுத மறந்தது என் தப்புதான். இங்கே எல்லோருக்கும் அது பழகிப்போய்விட்டதால் நினைவே வரவில்லை. உங்கள் கடிதத்தை அறையில் படித்துக் காட்டினேன். கூடத் தங்கியிருக்கும் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டோம்.

சீசன் சூடு பிடித்துவிட்டது. தண்டு ஒரு நாளில் ஒரு சாண் வளர்ந்துவிடுகிறதாம், வெட்டாமல் விட்டால் முற்றிவிடுகிறதாம். அதனால் ஞாயிறும் உண்டு. பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறேன். கால் வீங்கி, ஒரு எண் பெரிய பூட்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்த முறை பத்து பாக்கெட். தினமும் ஒரு தட்டு அண்ணனுக்கு வையுங்கள். இங்கே சரக்கைச் சோதித்துப் பார்க்கும் லேப் மேடத்திடம் கேட்டேன், கடையில் வாடிக் கிடக்கும் காய்க்கு இது எவ்வளவோ மேல் என்றார். பின்பக்கத்தில் இன்னொன்றும் பார்த்தேன். இதில் விட்டமின் கே அதிகம். எலும்புக்கு நல்லது, காயம் பட்டால் ரத்தம் உறைய உதவும் என்று போட்டிருக்கிறது. அண்ணனுக்கு இதுதானே வேண்டும்? ஆபரேஷனுக்குப் பிறகு சவரம் செய்யும்போது கீறினால்கூட ரத்தம் நிற்பதில்லை என்று எழுதியிருந்தீர்களே. லிஃப்ட் வேலையில் கையில் வெட்டுப் படாத நாள் உண்டா? சாப்பிடட்டும்.

எனக்குக் கண் சொக்குகிறது. நீங்கள் இருவரும் நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

ஊசி


மே 5

அன்புள்ள ஊசிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா? உன் கடிதத்தில் எழுத்து வரவரக் கோணலாகிக்கொண்டே போகிறது. கை வலி அதிகமா?

உன் அண்ணன் தினமும் வேலைக்குப் போகிறார். கதவு ரிப்பேர் மட்டும் என்றார்கள், இப்போது மோட்டார் அறைக்கும் ஏறுகிறார். கேட்டால் "ஆள் இல்ல, என்ன பண்றது" என்கிறார். மதியச் சாப்பாட்டு டப்பாவில் பாதி உன் தண்டுதான். சனிக்கிழமை வந்தால் ஒரு பாக்கெட்டை முழுதாக வதக்கித் தரச் சொல்கிறார்.

ரத்தப் பரிசோதனைக்கு மாதாமாதம் போக வேண்டும். போன மாதமும் போகவில்லை, இந்த மாதமும் முடியாது போலிருக்கிறது. அங்கே போனால் அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். அவருக்கு லீவு இல்லை, எனக்குத் தையல். அடுத்த மாதம் கட்டாயம் போக வேண்டும்.

மழைக்கோட்டு ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், உனக்கு. லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். வேலையில் ஈரமும் குளிரும் படாமல் மேலே போட்டுக்கொள்.

அண்ணி

ஊசி, நேற்று தகரம் கிழித்து விரல் வெட்டுப்பட்டது. துணியைச் சுற்றினேன், டீ குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. முன்பெல்லாம் கைக்குட்டையே நனைந்துவிடும். உன் சரக்கு வேலை செய்கிறது. - அண்ணன்


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? போன மாதக் கடைசியில் போன லாரியில் எட்டு பாக்கெட் அனுப்பினேன். லாரி அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பஸ் நிலைய முனைக்கு யாரும் வரவில்லையாம், பாக்கெட்டுகளைப் பூக்கடையில் கொடுத்துவிட்டு வந்தாராம். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள். "நல்லா இருக்கார், தூங்குறார்" என்றீர்கள். பகல் பதினொரு மணிக்கு அண்ணன் தூங்கி நான் பார்த்ததில்லை. கேட்பதற்குள் பின்னால் இருந்தவள் தோளைத் தட்டிவிட்டாள்.

மழைக்கோட்டு சரியாக இருக்கிறது. தோள் மட்டும் கொஞ்சம் தொங்குகிறது. நான் இளைத்துவிட்டேன் போல.

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

ஊசி


ஜூன் 30

அன்புள்ள ஊசிக்கு,

நலம். பாக்கெட்டுகள் கிடைத்தன. பதில் எழுத நேரமில்லை, தையல் அதிகம். உன் அண்ணனுக்குக் கையில் சுளுக்கு. அதனால் இந்த முறை எழுதவில்லை.

இனிமேல் அதை அனுப்ப வேண்டாம். ஃப்ரீசரில் இடமில்லை. நீயும் வீணாக அலைய வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூலை 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நாலாவது முறையும் அதே ஏழெட்டு வரிதான் இருந்தது.

அனுப்ப வேண்டாம் என்றால் சரி. ஆனால் ஃப்ரீசரில் இடமில்லை என்று சொல்லாதீர்கள். அந்த ஃப்ரீசரில் ஐஸ் தட்டைத் தவிர நீங்கள் வேறு எதுவும் வைத்து நான் பார்த்ததில்லை. நான் அனுப்பியதை அண்ணன் விரும்பிச் சாப்பிட்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு என்ன போட வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும், எனக்கு என்ன தெரியும்? ஆபரேஷனுக்கே வராதவள்தானே நான்.

எழுதியதை அடிக்கவில்லை. ஊசி என்று பெயர் வைத்தது அண்ணன்தான். அவரும் கொஞ்சம் குத்துப்படட்டும்.

சீசன் முடிந்துவிட்டது. இப்போது குளிர்க்கிடங்கில் இருப்பதை எடுத்துச் சிறு பைகளில் அடைக்கிறோம். வேலை குறைவு என்று பெயர். நிற்பது அதேதான்.

அண்ணனுக்காக மூன்று பாக்கெட் அனுப்புகிறேன். இந்த முறை லாரி அண்ணனிடம் வீட்டு விலாசம் கொடுத்துவிட்டேன். அண்ணன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கை சுளுக்கு என்றாலும் 'கிடைத்தது' என்று ஒரு வார்த்தை எழுத முடியும்.

ஊசி


ஆகஸ்ட் 25

அண்ணி,

என்ன எழுதி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நலமா என்று கேட்கக் கூசுகிறது.

லாரி அண்ணன் போன மாதமே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். என்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஐந்து வாரமாக என்னைப் பார்த்தாலே லாரிக்குப் பின்பக்கம் போய்விடுவார். நேற்று சாப்பாட்டு வேளையில் வழியை மறித்து நின்றேன்.

"எங்க அண்ணன் கையில குடுத்தீங்களா இல்லையா?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "குடுக்கலாம்னுதான்மா போனேன். நாற்காலியில உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து என்னவோ சொன்னார், எனக்குப் புரியல. உங்க அண்ணிதான் 'வாங்கன்னு சொல்றார்'னு சொன்னாங்க. பாக்கெட்டை நீட்டினேன். வலது கை வரல. உங்க அண்ணி வாங்கி, திருப்பி என் கையிலேயே குடுத்துட்டாங்க. 'அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னாங்க."

"நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க ஒவ்வொரு தடவையும் துணி சுத்தி, பேப்பர் சுத்திக் குடுக்கறத நான்தானம்மா பார்க்கறேன்."

மணி அடித்துவிட்டது, நான் உள்ளே போனேன். மாலைவரை எதை எந்தப் பையில் அடைத்தேன் என்று தெரியாது.

என்ன நடந்தது அண்ணி? எப்போது? ஏன் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தீர்கள்? ஜூலையில் நான் எழுதியதை மறந்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. அண்ணனைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எதையும் குறைக்காமல் எழுதுங்கள்.

ஊசி


செப்டம்பர் 8

அன்புள்ள ஊசிக்கு,

நான் நலம். உன் அண்ணன் இருக்கிறார். முன்பைவிடத் தேறியிருக்கிறார். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

மே மாதம் 28-ம் தேதி காலை. வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பித்தான் போட வரவில்லை. "காஜா சரியா எடுக்கலையா நீ?" என்று என்னைக் கேட்டார். அதுதான் அவர் ஒழுங்காகப் பேசிய கடைசி வாக்கியம். திரும்பிப் பார்ப்பதற்குள் வாய் ஒருபக்கம் இழுத்துவிட்டது. கீழ்வீட்டுச் சமையல்காரரும் நானும் தூக்கிக்கொண்டு போனோம்.

வால்வில் சின்னதாக ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்விட்டதாம். டாக்டர் கேட்டார், "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லைங்க."

"கீரை?"

"கீரை வாங்கறதே இல்லைங்க. அளவா சாப்பிடணும்னு நீங்க குடுத்த தாள்லயே போட்டிருந்ததே."

வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது ஃப்ரீசரைத் திறந்தேன். ஒரு பையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். விட்டமின் கே. "இதுவும் கீரை மாதிரிதான்மா. மாத்திரை ரத்தத்தை உறையவிடாம ஒரு பக்கம் இழுக்குது. இது இன்னொரு பக்கம் இழுக்குது. எவ்வளவு சாப்பிட்டார்?" நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஊசி, தாளில் கீரை என்று போட்டிருந்தது. இது கீரை இல்லையே, தண்டுதானே என்று இருந்துவிட்டேன். பரிசோதனைக்கு மாதாமாதம் போயிருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். போகவில்லை. காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் உன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன், மனதுக்குள். ரத்தம் உறைய உதவும் என்று நீ எழுதியிருந்த வரி கண்ணைவிட்டுப் போகவில்லை. முதலில் கோபத்தால் எழுதவில்லை. பிறகு கோபம் போய்விட்டது. போன பிறகு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் நீ அங்கே தனியாக என்ன ஆவாய் என்று நினைத்துச் சுளுக்கு என்று எழுதினேன். மிச்சம் இருந்த பாக்கெட்டுகளை ஒருவருக்கும் கொடுக்க மனமில்லை. குப்பையில் போட்டேன். அதற்கும் அழுதேன்.

இப்போது தடியை ஊன்றிப் பத்தடி நடக்கிறார். சொல் ஒவ்வொன்றாக வருகிறது. வலது கைக்கு தினமும் பயிற்சி கொடுக்கிறேன். எனக்கு முதுகு விட்டுப்போகிறது. வேறொன்றும் இல்லை.

நீ கேட்டதால் எழுதினேன். குறைக்கவில்லை.

அண்ணி


செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கழிவறையில் வைத்துப் படித்தேன். இங்கே தனியாக இருக்க அந்த ஒரு இடம்தான் உண்டு.

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? தண்டுகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் தொடும்போது இது யார் வீட்டுக்குப் போகிறதோ என்று இருந்தது. மூன்றாம் நாள் லேப் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்தார். இந்தத் தொழிற்சாலைக்குள் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நல்ல காய்தாம்மா அது" என்றார். "கர்ப்பிணிக்கு நல்லது, சர்க்கரை உள்ளவங்களுக்கு நல்லது. நானே சாப்பிடறேன். ஆனா அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அளவு வேணும். உங்கிட்ட நான் கேட்டிருக்கணும், யாருக்கு அனுப்புறேன்னு."

பையில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவும் என்று. அவர் என்னை விற்பனை அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் கெட்டவரில்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார். "காய்கறிப் பையில டாக்டரைக் கேளுன்னு போட்டா எவன் வாங்குவான்? சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றார். லேப் மேடம் அவரோடு அரை மணி நேரம் வாதாடினார். நான் கதவோரம் நின்றேன். அடுத்த வருஷம் பை மாற்றும்போது பார்க்கலாம் என்று முடிந்தது. பார்க்கமாட்டார்கள்.

வரும்போது லேப் மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நூறு கிராம் வேகவைத்த தண்டில் விட்டமின் கே ஏறக்குறைய எண்பது மைக்ரோகிராம். டாக்டருக்கு உதவும் என்றார். இதோடு வைத்திருக்கிறேன்.

அண்ணி, நீங்கள் கோபப்பட்டது சரிதான். பின்பக்கம் படியுங்கள், படியுங்கள் என்று நான்தான் எழுதினேன். நான் படித்தது பாதி. ரத்தம் உறையும் என்று படித்தேன், அண்ணன் மாத்திரை எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு வராததற்குப் பதிலாக அனுப்பினேன். வந்திருந்தால் கேட்டிருப்பேன்.

இனி இதை அனுப்பமாட்டேன். வேலையையும் விட்டுவிடலாமா என்று இருக்கிறது. விட்டால் எங்கே போவது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டவேண்டாம். காட்டினாலும் சரி.

ஊசி


அக்டோபர் 20

அன்புள்ள ஊசிக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடுகிறாயா?

படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு இடது கையால் மேசையைத் தட்டினார். "மாத்திரை" என்றார். இப்போதுதானே போட்டீர்கள் என்றேன். மறுபடியும் தட்டினார். "நான். விட்டேன்."

புரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. நான் ஒரு வார்த்தை சொல்வேன், ஆமாம் இல்லை என்று தலையாட்டுவார். வேலைக்குப் போன நாட்களில் மாத்திரையைப் போடவில்லையாம். சின்னக் கீறலுக்கும் ரத்தம் ஒழுகினால் கூட வேலை செய்கிறவர்கள் பார்க்கிறார்கள், மோட்டார் அறைக்கு அனுப்பமாட்டார்கள் என்று பயந்தாராம். நான் கையில் கொடுத்த மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாராம். காயம் சீக்கிரம் நின்றது உன் தண்டினால் மட்டும் இல்லையாம்.

"ஊசிக்கு எழுது" என்றார். அவர் இரண்டு சொல் சேர்ந்தாற்போல் சொன்னால் எங்கள் வீட்டில் இப்போது அது பெரிய விஷயம்.

இது உண்மையா, உன்னைத் தேற்றச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சட்டைகளைத் துவைக்கும்போது பையில் நான் ஒரு மாத்திரைகூடக் கண்டதில்லை. அவர் பிடிவாதமும் எனக்குத் தெரியும், அவருக்கு உன்மேல் இருக்கும் பாசமும் தெரியும். மறுபடி கேட்டால் மறுபடி அதையேதான் சொல்வார். நான் கேட்கவில்லை.

போன வாரம் டாக்டரிடம் உன் தாளைக் கொடுத்தேன். இந்த மாதிரி ஒரு தாளை எந்த நோயாளி வீட்டிலிருந்தும் கொண்டுவந்ததில்லை என்றார். பிறகு ஒன்று சொன்னார். அடியோடு நிறுத்த வேண்டியதில்லையாம். ஒரு வாரம் மலையாக, ஒரு வாரம் ஒன்றுமில்லை என்பதுதான் ஆகாதாம். வாராவாரம் ஒரே அளவு என்றால் அதற்குத் தகுந்தாற்போல் மாத்திரையை வைத்துவிடலாமாம். "உறைய வைச்ச காய்னா நல்லதுதான், வருஷம் பூரா ஒரே மாதிரி கிடைக்கும்" என்றார்.

உன் அண்ணனுக்கு இப்போது சரியாக மென்று தின்ன வருவதில்லை. நான் குழைத்துக் கொடுப்பதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேற்று நானே கேட்டேன், உங்க தங்கச்சி அனுப்பற தண்டு வேணுமா என்று. தலையாட்டினார். அது மெத்தென்று வேகும், நுனியைக் கையால் எடுத்துத் தின்னலாம்.

ஆகவே அனுப்பு. வாரத்துக்கு ஒரு பாக்கெட் கணக்கில், லாரிக்கு இரண்டு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நான் தராசில் நிறுத்துப் போடுகிறேன்.

இந்தப் புது அளவுக்குப் பிறகு முதல் பரிசோதனைக்கு நவம்பர் 14 காலை போக வேண்டும். இனி மாதாமாதம். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வரிசையில் எப்படி நிற்கப்போகிறேன் என்றுதான் மலைப்பாக இருக்கிறது. அவரால் நிற்க முடியாது, அவரை விட்டு நான் நகர முடியாது.

ஜூலையில் நீ எழுதியதைக் கிழித்துவிட்டேன். இனி அதைப் பேச வேண்டாம்.

அண்ணி


நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் நான் சாப்பிட்டேன். கேட்டிருந்தீர்களே, அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னது உண்மையா இல்லையா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். உண்மையென்றால் அவரைத் திட்ட வேண்டும். பொய்யென்றால் அதற்கும் திட்ட வேண்டும். பேச்சு முழுதாகத் திரும்பட்டும், பிறகு வைத்துக்கொள்கிறேன்.

லாரி அண்ணனிடம் இரண்டு பாக்கெட் கொடுத்திருக்கிறேன். உடைந்த துண்டு இல்லை, நுனி உள்ள நல்ல தண்டாக லேப் மேடம் எடுத்துக் கொடுத்தார். கையால் எடுக்க வசதியாக இருக்கும்.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். சீசன் இல்லாத மாதத்திலும் முகத்தைச் சுளித்தார். எனக்குக் கெஞ்சவும் வரவில்லை, சண்டை போடவும் வரவில்லை. அவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் சலித்துப்போய் நான்கு நாள் எழுதிக் கொடுத்தார். 13-ம் தேதி மாலை அங்கே இருப்பேன்.

பரிசோதனைக்கு நானும் வருகிறேன். அண்ணனைப் பெஞ்சில் உட்கார வையுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயருங்கள். வரிசையில் நான் நிற்கிறேன். அரை நாள்தானே. நிற்பது ஒன்று மட்டும் எனக்கு நன்றாக வரும்.

ஊசி